பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவள்

எங்கள் ஊரில் எனக்குப் பொறுமைசாலி என்று ஒரு பெயர் இருந்தது. "அவள் வாய் திறந்து ஒருவரையும் ஒரு சொல் சொல்லமாட்டாள்" என்பார்கள். பங்குச் சபைக் கூட்டத்தில் இரண்டு பேர் முறுகிக்கொண்டால் என்னைக் கூப்பிட்டு நடுவில் இருத்துவார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. யுத்தம் எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு பெண்களாகிய எங்களுக்கு மிஞ்சியது பெயர்தானே. அந்தப் பெயருக்கு நான் தகுதியானவளா என்று நான் அறியவந்த கதையை எழுதித் தரும்படி எங்கள் பங்கிலுள்ள அருட்சகோதரி ஒருவர் கேட்டார். முதலில் மறுத்தேன். எழுதாமல் விட்டால் பெயர் இன்னும் கொஞ்சக் காலம் நிலைக்குமே என்ற ஆசைதான் காரணம். அந்த ஆசை எனக்கே பிடிபட்ட பிறகு மறுக்க முடியவில்லை.

நான் இரணைதீவில் பிறந்தவள். கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலுக்குள் இருக்கும் இரட்டைத் தீவு அது. செபமாலை மாதா கோயில், பள்ளிக்கூடம், தென்னைகள், ஆடு மாடுகள், சுற்றிவரக் கடல். வற்றுக்கடலில் பெண்கள் நடந்துபோய் அட்டை பொறுக்குவோம். அதற்கு வள்ளம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், ஆண் துணையும் வேண்டாம். முழங்கால் தண்ணீரில் குனிந்து நிமிரத் தெரிந்தால் அன்றாடச் செலவுக்குக் காணும். (கணவனை இழந்த பெண்கள் ஏன் அந்தத் தீவுக்காக அத்தனை நாள் வெயிலில் இருந்தார்கள் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.) 1992இல் யுத்தம் காரணமாகத் தீவை விட்டு வெளியேறி முழங்காவில் பக்கம் குடியேறினோம். அந்த ஊருக்கு இரணைமாதாநகர் என்று பெயர். தீவையும் மாதாவையும் பெயரிலேயே கொண்டுவந்துவிட்டோம். 2008இல் அங்கிருந்தும் வெளிக்கிட்டோம். எங்கெங்கே போனோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அந்த வழியால் வந்தவர்கள்தான்.

2009 மார்ச் மாதம் வலைஞர்மடத்தில் இருந்தோம். எங்கள் பதுங்குகுழிக்குப் பக்கத்துக் குழியில் இவருடைய அக்கா, அதாவது என் மச்சாள், பிள்ளைகளோடு இருந்தார். என் மகனுக்கு அப்போது மூன்று வயது. காய்ச்சல் விட்ட பிறகும் எழும்பி நிற்கப் பலமில்லாமல் கிடந்தான். கஞ்சியை வாயில் வைத்தால் துப்புவான். "பால், பால்" என்று ஒரே கேள்வி. மச்சாளிடம் பால்மா இருந்தது எனக்குத் தெரியும். முந்தின இரவு அந்தத் தறப்பாளுக்குள் கரண்டி கோப்பையில் தட்டுப்படும் சத்தம் கேட்டது. பசித்திருந்தவர்களுக்குத் தெரியும், பால் வாசம் தறப்பாளுக்குள் நிற்காது. விடிந்ததும் போய்க் கேட்டேன்.

"என்னட்ட இல்லை பிள்ளை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பி வந்தேன். மகன் பிழைத்துக்கொண்டான். இன்று தாடி வைத்த இளைஞன். ஏப்ரலில் இவர் ஷெல் பட்டு இறந்தார். மே மாதம் முள்ளிவாய்க்காலில் மச்சாளின் கடைசி மகளும் போய்விட்டாள். ஐந்து வயது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளை என் மடியில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கும். அவ்வளவு அழுத எனக்கு அந்தப் பால்மாவை மட்டும் நெஞ்சிலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை. இதை நம்புவது கடினம் என்று தெரியும். ஆனால் அப்படித்தான் இருந்தது. துக்கம் ஒரு பக்கம் இருக்கும், கோபம் இன்னொரு பக்கத்தில் தனியாகப் பாய் விரித்துப் படுத்திருக்கும். ஒன்றை ஒன்று தொடாது.

மெனிக் பாம் முகாமிலும் பிறகு ஊருக்குத் திரும்பிய பிறகும் நான் மச்சாளோடு சண்டை பிடித்ததில்லை. சண்டை பிடித்திருந்தால் அது ஒரு நாளில் முடிந்திருக்கும். நான் பேசாமல் விட்டேன், அவ்வளவுதான். அவர் கிணற்றடியில் நின்றால் நான் குடத்தை வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பேன். கலியாண வீட்டில் அவர் இருக்கிற வரிசைக்கு அடுத்த வரிசையில் இருப்பேன். பூசையில் சமாதானம் பகிரும் நேரம் வரும்போது மறுபக்கத்தில் நிற்பவருக்குக் கை கூப்பிக்கொண்டே அந்த நேரத்தைக் கடத்திவிடுவேன். செபமாலை சொல்லும்போதுகூட, பரலோக மந்திரத்தில் மன்னிப்பைப் பற்றிய இடம் வந்தால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். மற்றவர்களின் குரலுக்குள் அது தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் ஞாயிற்றுப் பூசை தவறியதைச் சொன்னேன், பிள்ளைக்கு அடித்ததைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. இது பாவம் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒருவரையும் ஏசாமல் இருப்பது எப்படிப் பாவமாகும்? ஊரும் அதைத்தான் பொறுமை என்று சொன்னது.

இப்படியே எட்டு வருடம் போனது.

2017 மே முதலாம் திகதி, தீவுக்குத் திரும்ப விடும்படி கேட்டு எங்கள் மக்கள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். கொட்டில் போட்டு, ஒவ்வொரு நாளும் ஆட்கள் இருக்க வேண்டும் என்று நாட்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கும் மச்சாளுக்கும் வியாழக்கிழமை விழுந்தது. பெயர் எழுதியவருக்கு எங்கள் கதை தெரியாது. மாற்றித் தரும்படி கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். பொறுமைசாலிக்கு என்ன காரணம் இருக்க முடியும்? பேசாமல் போய் இருந்தேன்.

போராட்டம் என்றால் மகஜர், பதாகை, பத்திரிகையாளர் என்றுதான் வெளியில் தெரியும். தொடங்கிய நாளிலும் நூறாவது நாளிலும் படம் எடுத்தார்கள். நூற்று நாற்பத்தைந்தாவது நாளில் என்ன நடந்தது என்று ஒருவரும் எழுதவில்லை, ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காத நாட்கள்தான் கடினமானவை. வெங்காயம் உரிப்போம். கிழிந்த வலை தைப்போம். பின்னேரம் செபமாலை. இடையில் சில்லறைச் சண்டைகள்: அகப்பையைக் கொண்டுபோனது யார், பெயரை எழுதிவிட்டு வீட்டுக்குப் போனது யார், சோற்றுக்குப் போட்ட அரிசி யாருடையது. ஷெல் மழைக்குள் ஒரே குழியில் ஒட்டிக்கொண்டு கிடந்த பெண்கள் ஓர் அகப்பைக்காக முகம் திருப்புவதைப் பார்த்தேன். எனக்கு உள்ளூரச் சிரிப்பாக இருந்தது. என் முகம் எட்டு வருடமாக எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

2018 தவக்காலத்தில் ஒரு பின்னேரம் அருட்சகோதரி கொட்டிலுக்கு வந்து, பவுல் அடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். துன்பத்திலிருந்து பொறுமை வருகிறது, பொறுமையிலிருந்து தேறிய குணம் வருகிறது, அதிலிருந்து நம்பிக்கை வருகிறது என்ற கருத்துள்ள பகுதி. அதில் குணத்துக்குப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல், உலோகத்தைச் சோதித்துப் பார்ப்பதோடு சம்பந்தப்பட்டது என்று விளக்கினார். "அடகுக்கடையில உங்கட சங்கிலியை உரைச்சுப் பாப்பாங்களே, அதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அடகுக்கடை தெரியாதவர் அந்தக் கொட்டிலில் ஒருவரும் இல்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரு மறுப்பு இருந்தது. துன்பம் பொறுமையைத் தருமென்றால் வன்னியிலுள்ள நாங்கள் எல்லோரும் இப்போது புனிதைகளாக இருக்க வேண்டும். எங்களைவிடத் துன்பப்பட்டவர் யார்? ஆனால் பட்ட துன்பத்தைக் காட்டிக் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள், பிள்ளையை இழந்த வேதனையில் மருமகளை வதைப்பவர்களும் இருக்கிறார்கள். அதைக் கேட்கத்தான் நினைத்தேன். கேட்கவில்லை. இன்றும் அந்தக் கேள்வி சரியான கேள்வி என்றே எண்ணுகிறேன். ஆனால் அன்று நான் எண்ணிய ஆட்கள் எல்லோரும் மற்ற ஆட்கள்.

அடுத்த வியாழக்கிழமை கடன்கார இளைஞன் கொட்டிலுக்கே வந்துவிட்டான். கிழமைக் கடன் எடுத்த சகோதரிகளுக்கு இது புரியும். ஐந்து பேர் ஒரு குழு. ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் சேர்ந்து கட்ட வேண்டும், அதுவரை அவன் போகமாட்டான். எங்கள் குழுவில் மச்சாளும் இருந்தார். அன்று அவரிடம் பணம் இல்லை. இரண்டு கிழமையாகக் கடல் சரியில்லை, வலையிலிருந்து நண்டு கழற்றும் கூலி வேலையும் இல்லை. இளைஞன் எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய பிள்ளைக்கு ஒரு பாட்டி வயதிருக்கும் அவருக்கு. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டு நின்றார்.

என் தவணையை நான் கட்டிவிட்டேன். அதற்கு மேலும் என் சட்டைக்குள் ஆயிரத்து இருநூறு ரூபா இருந்தது. அவன் என்னிடம் திரும்பி, "அக்கா, நீங்கள் எண்டாலும் பாருங்கோவன்" என்றான்.

"என்னட்ட இல்லை" என்றேன்.

நான் மச்சாளின் முகத்தைப் பார்க்கவில்லை. கொட்டில் கப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சொல்லி முடித்த கணத்திலேயே அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. வலைஞர்மடத்தில் அவர் சொன்ன அதே சொல். ஆனால் அதோடு நின்றிருந்தால் 'கடன் தீர்ந்தது, கணக்குச் சரி' என்று இருந்திருப்பேன். அது அங்கே நிற்கவில்லை. அதற்கு முன்பு நானே ஒருமுறை அதே சொல்லைச் சொன்னது நினைவுக்கு வந்தது.

இரணைப்பாலையிலிருந்து மாத்தளன் பக்கம் சனம் போய்க்கொண்டிருந்த நாள். மகன் இடுப்பில், கையில் ஒரு தண்ணீர்க் கான், பாதிக்குக் கீழே தண்ணீர். வீதியோரம் ஒரு பனையின் கீழே வயோதிப அம்மா ஒருவர் தனியாக இருந்தார். மடியில் ஒரு பொட்டலம். "பிள்ளை, ஒரு முடறு தண்ணி தாவன்" என்றார். "என்னட்ட இல்லையம்மா" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். கான் என் காலில் இடித்து இடித்துத் தண்ணீர் குலுங்கியது. அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். எனக்குக் கேட்டது. அவர் மறுபடி கேட்கவில்லை.

ஒன்பது வருடமாக நான் அந்த அம்மாவை நினைக்கவே இல்லை. பால்மாவை நினைக்காத நாள் இல்லை.

இளைஞன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான். நான் எழும்பிப் போய் மச்சாளின் தவணையைக் கட்டினேன். அன்பினால் கட்டினேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அன்பு ஒன்றும் இருக்கவில்லை. வெட்கம் இருந்தது. கால் நடுங்கியது. பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து மச்சாளின் பக்கத்தில் வைத்தேன்.

"உன்னட்ட நான் கேட்டனானே?" என்றார். குரல் கடுமையாக இருந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான். நன்றி சொல்வார், கட்டிப்பிடித்து அழுவோம் என்றெல்லாம் நான் எதிர்பார்த்தேனா தெரியவில்லை. எதிர்பார்த்திருக்கலாம். ஏனென்றால் அந்தச் சொல் எனக்குச் சுட்டது. 'நீங்கள் கேட்கேல்லை, நான்தான் அண்டைக்குக் கேட்டனான்' என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன். முன்பும் எத்தனையோ சொற்களை விழுங்கியிருக்கிறேன். ஆனால் அவை எல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்து கிடந்தன, இது கரைந்தது. வித்தியாசம் அன்றுதான் தெரிந்தது. இதைவிட நன்றாக எனக்கு விளக்கத் தெரியவில்லை.

அடுத்த கிழமை மச்சாள் பாதிப் பணத்தைத் தாளாகவும் மீதியைக் கருவாடாகவும் கொண்டுவந்து தந்தார். கருவாடு நல்ல கருவாடு. நான் எண்ணிப் பார்க்கவில்லை, அவர் "எண்ணு" என்றார், எண்ணினேன்.

பெரிய வெள்ளிக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தண்ணீரைச் சொன்னேன். அந்த அம்மாவுக்காக ஒரு செபமாலை சொல்லும்படி சுவாமியார் சொன்னார். "அவவின்ர பேர் தெரியாது சுவாமி" என்றேன். "கடவுளுக்குத் தெரியும்" என்றார். அவர் உயிரோடு மாத்தளன் போய்ச் சேர்ந்தாரா, வேறு யாராவது தண்ணீர் கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அதை யாரிடம் போய்க் கேட்பது? சிலவற்றுக்கு மன்னிப்புக் கேட்க ஆளில்லை. எனக்குத் தவறு செய்தவராவது பக்கத்துப் பாயில் இருந்து வலை தைத்துக்கொண்டிருக்கிறாரே என்று அன்றுதான் எண்ணினேன்.

உயிர்ப்பு விழா முடிந்து மூன்று கிழமையில், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி, எங்கள் சனம் வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தீவுக்குப் புறப்பட்டது. போராட்டம் தொடங்கி ஒரு வருடத்துக்கு ஒரு கிழமைதான் குறைவு. யாருடைய அனுமதியும் கையில் இல்லை. என்ன நடக்கும் என்ற பயம் எல்லோர் வயிற்றிலும் இருந்தது. நானும் மச்சாளும் ஒரே வள்ளத்தில் ஏறினோம். யாரும் திட்டம் போட்டு ஏற்றவில்லை, இடம் அங்கேதான் இருந்தது. கரை தெரிந்தபோது முன்னால் இருந்த கிழவிகள் சத்தமாக அழத் தொடங்கினார்கள். இறங்கி நேரே மாதா கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டோம். கடற்படையினர் வந்து பேசினார்கள். எங்கள் காணி உறுதிகளைக் காட்டினோம். திரும்பிப் போகமாட்டோம் என்றோம். அன்றிரவு அங்கேயே தங்கினோம். அடுத்த மாதம் அரச தரப்பும் நாங்கள் அங்கே இருப்பதற்கு இணங்கியது.

அந்த முதல் இரவில் தூக்கம் வரவில்லை. கோயிலடியில் படுத்திருந்தோம். காற்று தென்னைகளுக்குள் போகும் சத்தம் நான் சிறுபிள்ளையாகக் கேட்ட அதே சத்தம். மச்சாள் எனக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, மெல்லச் சொன்னார்:

"அண்டைக்கு இருந்தது. அரைப் பக்கற். சின்னவளுக்கெண்டு வச்சிருந்தனான்."

"எனக்குத் தெரியும் மச்சாள்" என்றேன்.

"தெரியுமெண்டு எனக்கும் தெரியும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "அவள் அதைக் குடிச்சு முடிக்கேல்லை" என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்தேன். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. பனை மரத்தடி அம்மாவைப் பற்றி நானும் அவருக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு செபமாலையை எடுத்தார். சின்னவளுக்கும் பெயர் தெரியாத அம்மாவுக்குமாகச் சொன்னோம். பரலோக மந்திரத்தில் அந்த இடம் வந்தபோது என் குரல் சரியாக வரவில்லை, ஆனால் வந்தது.

இதோடு நான் குணசாலியாகிவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். இப்போது நாங்கள் இருவரும் நன்றாகச் சண்டை பிடிக்கிறோம். ஆட்டுக்குக் குழை வெட்டுவதில் சண்டை, மண்ணெண்ணெய்ப் பங்கில் சண்டை. பொறுமைசாலி என்ற பெயரும் போய்விட்டது. "இவளுக்கு இவ்வளவு வாய் எங்கே இருந்தது" என்று ஊரில் கேட்கிறார்கள். கோடையில் குடிதண்ணீரைக் கரையிலிருந்து வள்ளத்தில் கொண்டுபோவோம். அண்மையில் அந்த வள்ளக் கூலியைப் பற்றி நான் மூன்று சொல் கூடுதலாகச் சொல்லிவிட்டேன். மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பொழுதுபட வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டார்:

"தண்ணிக் கான் வந்திட்டுது. உன்ரயை வந்து எடு. எனக்குத் தூக்கேலாது."

போய் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.